மேல் தொண்ணூறு டிகிரி

ஸ்கேலன் துறை நகர மன்றத்துக்குக் காது இல்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது. காது ஒன்று வாங்குவதென்று மன்றம் முறைப்படி தீர்மானம் போட்டது. குடிமக்களின் குறைகளைச் செவிமடுக்கும் உயரிய நோக்கத்தோடு, அலுவலக வாசற்சுவரில், துருப்பிடிக்காத எஃகினாலான பெட்டி ஒன்று நிறுவப்படும் என்பது தீர்மானம். 'புகார்ப் பெட்டி' என்ற பெயர் ஊழியர்களின் மனத்தைச் சோர்வடையச் செய்யும் என்று சில உறுப்பினர்கள் கருதியதால், 'சமூகக் குரல் ஏற்பான்' என்று பெயர் வைக்கப்பட்டது. பெயர் வைக்க ஏழு மாதம் ஆனது. பெட்டி செய்ய மூன்று வாரம் கொடுத்தார்கள்.

வேலை கடற்கரைச் சாலைத் தகட்டுப் பட்டறைக்கு வந்தது. அங்கே முப்பது வருஷமாக வரைபடம் போடுகிறவள் நோலீன் டக்வெல். மீன் தொழிற்சாலையின் புகைக்குழாய், பால் பண்ணை எந்திரத்தின் முதுகு மூடி, ஆஸ்பத்திரிக் கூரைக்குள் ஓடும் காற்றுக்குழாய் என்று மனிதர் கண்ணில் படாத எல்லாவற்றையும் அவள் வரைந்திருக்கிறாள். அவள் பெற்ற இந்தப் பிள்ளைகளுக்குப் பெயர் கிடையாது, எண்தான். முழுப் பொருளையும் யாரும் அவளுக்குக் காட்டுவதில்லை. இந்தத் தகடு வேண்டும், இந்த அளவில் வேண்டும் என்பார்கள். வாக்கியம் என்னவென்று தெரியாமல் சொற்களை மட்டும் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

வேலை பார்க்க எளிதானது. மடித்த பொருளைக் கம்ப்யூட்டரில் வரைய வேண்டும். பிறகு 'விரி' என்ற பொத்தானை அழுத்தினால், பெட்டி பூ மலர்வதுபோல் அவிழ்ந்து தட்டையாகப் படுத்துக்கொள்ளும். அந்த விரிப்பைத்தான் லேசர் வெட்டும். வெட்டிய தகட்டில் மடிக்க வேண்டிய இடமெல்லாம் மெல்லிய கோடு கீறி, பக்கத்தில் 'மேல் 90' அல்லது 'கீழ் 90' என்று பொறித்துவிடும். அதன் பிறகு அது டார்ஸி மல்குரூவின் கைக்குப் போகும்.

டார்ஸி மடிக்கும் எந்திரத்தில் இருப்பவன். நோலீன் வந்த வருஷமே அவனும் வந்தான். முப்பது வருஷமாக அவன் கேட்பது ஒரே கேள்விதான்.

"மேலன்னா எந்தப் பக்கம்? உன் மேலா, என் மேலா?"

"வரைபடத்துல என்ன போட்டிருக்கோ அது."

"வரைபடத்தைத் திருப்பிப் போட்டா மேலு கீழாயிடும்மா. தகட்டுக்கு ரெண்டு முகம் இருக்கு."

"எனக்கு ஒரு முகந்தான் இருக்கு. உள்ளபடி மடி."

ஒரே ஒரு தடவை, தொடக்க காலத்தில், டார்ஸி தன் புத்தியால் ஒரு மடிப்பைத் திருத்திவிட்டான். நோலீன் அவனுக்கு இரண்டு பக்கத்தில் ஒரு குறிப்பாணை எழுதினாள். 'மடிப்பவரின் கருத்து வரைபடத்தின் பகுதி அல்ல' என்ற வரி அதில்தான் வருகிறது. டார்ஸி அதைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டு எந்திரத்துக்கு மேலே மாட்டினான். அன்றிலிருந்து அவன் எதையும் திருத்தியதில்லை. அவளும் தன் எல்லா வரைபடங்களின் மூலையிலும் 'உள்ளபடி மடிக்கவும்' என்று நிரந்தரமாகப் போட்டுவிட்டாள்.

சமூகக் குரல் ஏற்பானுக்கான ஆணையைப் படித்தபோது நோலீனின் கண் நிறைந்தது. தொழிற்பற்று என்று முதலாளி நினைத்தார். உண்மையில் அவள் கைப்பைக்குள் ஒரு புகார் ஆறு வருஷமாகக் காத்துக்கொண்டிருந்தது.

அவள் கார் ஓட்டுவதில்லை. காலை ஏழு நாற்பது பஸ்ஸுக்கு, மன்ற அலுவலகத்துக்கு நேர் எதிரே உள்ள நிறுத்தத்தில் காத்திருப்பாள். அந்த நிறுத்தத்துக்கு ஆறு வருஷத்துக்கு முன் தகட்டுக் கூரை போட்டார்கள். தகட்டின் நான்கு ஓரங்களையும் கீழ்நோக்கி மடித்திருந்தால் மழை வழிந்து வெளியே போயிருக்கும். மேல்நோக்கி மடித்திருந்தது. ஆகவே அது கூரையாக இல்லாமல் தாம்பாளமாக இருந்தது. வானம் கொடுத்ததைச் சொட்டு சிந்தாமல் ஏந்திக்கொண்டு, மூலையில் மடிப்புக்காக வெட்டிவிட்ட சிறு இடுக்கு வழியாக, பெஞ்சில் உட்கார்ந்திருப்பவரின் பின்கழுத்தில் ஒரே தாரையாக ஊற்றியது. வெளியே நின்றால் பெய்கிற மழையில் நனையலாம். உள்ளே உட்கார்ந்தால் சேமித்த மழையில் நனையலாம். ஊர் மக்களுக்கு அந்த அளவுக்குத் தேர்வு செய்யும் உரிமை இருந்தது.

போன குளிர்காலத்தில் நோலீனுக்கு நெஞ்சில் சளி கட்டிப் பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரி. இன்னொரு தடவை நனைந்தால் நுரையீரல் தாங்காது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டின் நகலைப் பதினெட்டாம் கடிதத்தோடு இணைத்தாள்.

ஆமாம், கடிதங்கள். மொத்தம் பத்தொன்பது. தொழில் தெரிந்தவள் என்பதால் அவள் மற்றவர்கள்போல் 'ஒழுகுகிறது' என்று எழுதுவதில்லை. பிழையின் வேரையே பிடித்தாள். 'இதை வரைந்த ஆசாமி மேல் எது கீழ் எது என்று அறியாமலே வளர்ந்துவிட்டவர்' என்றது பதினோராம் கடிதம். 'காகிதத்தில் தொப்பி மடிக்கும் குழந்தைகூடச் செய்யாத தவறு.' பதினாறாம் கடிதம் இன்னும் ஒரு படி போய், 'அவருடைய பெயரை ஊரறிய வெளியிட்டு, அவர் கையிலிருந்து பென்சிலைப் பிடுங்க வேண்டும்' என்று கோரியது.

எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான் வந்தது: 'தங்கள் கடிதம் கிடைத்தது. எனினும், புகார்களைப் பெறுவதற்கான முறையான வழி இன்னும் நிறுவப்படாத காரணத்தால், அது கிடைத்ததாகக் கருதப்படவில்லை.'

இப்போது அந்த முறையான வழியை வரையும் பொறுப்பு அவளுக்கே வந்திருக்கிறது. முதலில் விழப்போவது தன் இருபதாம் கடிதம் என்று முடிவு செய்தாள். அதற்குத் தக்கபடி வரைந்தாள். கடிதம் மடங்காமல் நுழைய ஒரு கை அகலத்தில் வாய். வாய்க்கு மேலே மழை உள்ளே போகாதபடி ஒரு சின்ன இறவாரம். அந்த இறவாரத்தை அவள் திரையில் கீழ்நோக்கி மடித்தபோது ஒரு தடவை பெருமூச்சு விட்டாள். மேல் எது கீழ் எது என்று தெரிந்த ஒருத்தி இந்த ஊரில் இருக்கிறாள் என்று எல்லோருக்கும் தெரியட்டும்.

மன்றத்தின் சார்பில் வந்தவர் டேமியன் ஆஷ்கிராஃப்ட். சமூகக் குரல் ஒருங்கிணைப்பு அலுவலர். மென்மையானவர். யாரையும் மறுத்துப் பேசமாட்டார். மறுப்பு என்ற சொல்லையே அவர் அலுவலகத்தில் எடுத்துவிட்டு 'இரண்டாம் கட்டம்' என்று வைத்திருந்தார்கள்.

"அருமையா இருக்கு நோலீன். எங்க குழு ரொம்பவே நெகிழ்ந்துபோச்சு. இந்த வாய் மட்டும் இரண்டாம் கட்டத்துல வச்சுக்கலாமா?"

"வாய் இல்லாம எப்படிப் போடறது?"

"விரல் மாட்டிக்கும்னு இடர்க் குழு பயப்படுது. நூலகத்துல புத்தகம் போடற பிளவுல போன வருஷம் யாரோ ஒரு மீனைப் போட்டுட்டாங்க. முழு மீன். திங்கட்கிழமைதான் தெரிஞ்சது."

"இது புகார்ப் பெட்டி. மீன் போட மாட்டாங்க."

"புகாரோட மீனும் போடுவாங்களே" என்றார் டேமியன் வருத்தத்தோடு. "அந்தரங்கம்னு வேற ஒண்ணு இருக்கு. கதவு வச்சா சாவி வேணும். சாவி யார்கிட்ட இருக்கும்? யார்கிட்ட இருந்தாலும் அவங்க திறந்து படிக்க வாய்ப்பு இருக்கு. அதனால கதவையும் எடுத்துட்டா குடிமக்களோட ரகசியம் முழுசாப் பாதுகாக்கப்படும்."

நோலீன் யோசித்துப் பார்த்தாள். ஒவ்வொரு வார்த்தையும் தனித்தனியாகச் சரியாகத்தான் இருந்தது. முப்பது வருஷமாக அவளும் இப்படித்தான் வரைகிறாள். ஒவ்வொரு தகடும் தனியாகச் சரி. வாயை எடுத்தாள். கதவை எடுத்தாள். வாய் போன பிறகு இறவாரத்துக்கு வேலை இல்லாததால் அதையும் எடுத்தாள். ஆறு பக்கமும் மூடிய பெட்டி திரையில் சுழன்றது. கம்ப்யூட்டர் 'பிழை எதுவும் இல்லை' என்று பச்சையில் காட்டியது.

இரண்டாம் கூட்டத்துக்கு இடர்க் குழுத் தலைவி ரோவினா பெத்திக்கும் வந்தார். எதையும் வாசிக்காமல் கையெழுத்திடுவதில்லை என்ற கொள்கை உடையவர். ஆகவே வரைபடத்தின் மூலையில் இருந்த எண்களையும் வாசித்தார்.

"இந்த 'கே' சைபர் புள்ளி நாலு நாலுன்னா என்ன?"

நோலீனுக்கு இந்தத் தொழிலில் மனத்துக்குப் பிடித்த ஒரே விஷயம் அதுதான். அவள் குரல் குழைந்தது.

"தகட்டை மடிக்கும்போது வெளிப்பக்கம் இழுபடும், உள்பக்கம் நசுங்கும். நடுவுல எங்கயோ ஒரு கோடு இழுபடவும் செய்யாது, நசுங்கவும் செய்யாது. அதுபாட்டுக்கு இருக்கும். அதை நடுநிலைக் கோடுன்னு சொல்லுவோம். அது எங்க இருக்குன்னு சொல்ற எண் இது."

"நடுநிலைன்னா பாதிதானே? சைபர் புள்ளி அஞ்சுன்னு இல்ல இருக்கணும்?"

"இல்லைங்க. அது உள்பக்கமாக் கொஞ்சம் ஒதுங்கி இருக்கும்."

"உள்பக்கமான்னா மன்றத்துப் பக்கமா?" ரோவினா மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "நாளைக்குப் பத்திரிகைக்காரன் கேட்டா நான் என்ன சொல்லுவேன்? மன்றத்தோட நடுநிலை மன்றத்தை ஒட்டி இருக்குன்னா?"

கூட்டக் குறிப்பில் இப்படிப் பதிவாயிற்று: 'நடுநிலைக் கோடு பாரபட்சமின்றி மையத்தில் அமைதல் வேண்டும்.' நோலீன் சைபர் புள்ளி நாலு நாலை சைபர் புள்ளி ஐந்தாக்கினாள்.

டார்ஸி காலைத் தேநீர் வேளையில் ஸ்காலப் சிப்பிக்கறி அடைத்த பை ஒன்றைத் தின்றுகொண்டே புது வரைபடத்தைப் பார்த்தான். கறிச்சாறு தாளில் சொட்டாமல் இருக்கத் தள்ளிப் பிடித்துக்கொண்டான்.

"நடுக்கோட்டை மாத்திட்டியா?"

"தீர்மானம் போட்டுட்டாங்க."

"தகடுகிட்ட யாராவது சொன்னீங்களா? அதுக்குத் தெரியாம மடிச்சா எல்லா அளவும் மயிரிழை தள்ளிப் போயிடும்." ஒரு கடி கடித்தான். "சரி, அதை விடு. அஞ்சு பக்கம் மடிப்பேன். ஆறாவது பக்கத்தை மடிச்சா எந்திரத்தோட மேல் அச்சு பெட்டிக்குள்ளேயே மாட்டிக்கும். அப்புறம் எந்திரத்தையும் சேர்த்து மன்றத்து வாசல்ல மாட்டணும்."

"கம்ப்யூட்டர் பிழை இல்லைங்குதே?"

"அதுக்குக் கை இல்லையே நோலீன். எதுல மாட்டப்போகுது?"

நியாயம்தான். திரையில் தகடு காற்றைப்போல் மடிந்தது. யாரும் உள்ளே கைவிட்டு எதையும் வெளியே எடுக்க வேண்டியிருக்கவில்லை. அப்படி ஒரு பெட்டியை வரையலாம், சுழற்றலாம், பாராட்டலாம். செய்ய மட்டும் முடியாது. முப்பது வருஷ அனுபவசாலி செய்யும் பிழை இல்லை அது. முப்பது வருஷத்தில் ஒரு தகட்டைக்கூடத் தன் கையால் மடித்துப் பார்க்காதவள் செய்யும் பிழை. நோலீன் இரண்டும்தான்.

இதை விளக்கத்தான் மூன்றாம் கூட்டத்துக்கு மடிக்கணினியை எடுத்துக்கொண்டு போனாள். பெட்டிக்கு வாய் கட்டாயம் வேண்டும், அப்போதுதான் அச்சு வெளியே வரும், அப்படியே கடிதமும் உள்ளே போகும் என்று ஒரே கல்லில் எல்லாவற்றையும் மீட்டுவிடத் திட்டம். பதினோரு பேர் உட்கார்ந்திருந்தார்கள். சுவரில் பெட்டியைப் பெரிதாகக் காட்டினாள்.

"இது எப்படி மடியுதுன்னு முதல்ல காட்டறேன்" என்று சொல்லி 'விரி'யை அழுத்தினாள்.

பெட்டி மெல்லத் திறந்தது. பக்கங்கள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. எஃகுச் சிலுவை ஒன்று சுவர் நிறையக் கைவிரித்து நின்றது. அறையில் யாரோ 'ஆ' என்றார்கள்.

"இது... இது ரொம்ப அழகா இருக்கே" என்றார் ரோவினா.

"திறந்த மனசு மாதிரி" என்றார் டேமியன். அவர் குரல் உண்மையிலேயே தழுதழுத்தது. "உள்ளன்னு ஒண்ணே இல்லாத பெட்டி. ஒளிக்க இடமே இல்லை. நாம போன வருஷம் நிர்வாகத்தையே தட்டையாக்கினோம் இல்லையா, மேலாளர் கீழாளர் எல்லாம் எடுத்துட்டு? அதேதான் இது."

"விரல் மாட்டாது" என்றார் ஒருவர்.

"மீன் போட முடியாது" என்றார் இன்னொருவர்.

"அந்த எழுத்து என்ன? 'மேல் 90', 'மேல் 90'ன்னு சுத்தி வர எழுதியிருக்கே?"

"அது மடிப்புக் குறிப்பு. அந்தக் கோட்டுல..."

"மேல் நோக்கிய பார்வை!" என்று டேமியன் எழுதிக்கொண்டார். "நூத்துக்குத் தொண்ணூறு. நூறுன்னு போட்டிருந்தா அகம்பாவமாத் தெரியும்."

நோலீன் வாயைத் திறந்தாள். இது பெட்டியே இல்லை, பெட்டிக்கான விரிப்பு, இதை மடித்த பிறகுதான் பெட்டி என்று சொல்ல வேண்டும். இரண்டே வாக்கியம். அப்போது ரோவினா பெத்திக், "இதை யார் வரைஞ்சது? நீங்களேவா?" என்று கேட்டு, கை தட்டினார். பதினோரு பேரும் தட்டினார்கள்.

முப்பது வருஷத்தில் அவள் வரைபடத்துக்கு யாரும் கை தட்டியதில்லை. காற்றுக்குழாய்க்கு யார் கை தட்டுவார்கள்? திறந்த வாயை நோலீன் ஒரு புன்னகையாக மாற்றிக்கொண்டாள். அந்த மடிப்பை மட்டும் அவள் பிழையில்லாமல் செய்தாள்.

வரைபடத்தில் முத்திரை விழுந்தது: 'ஏற்கப்பட்டது. இதன் பின் வடிவத்தில் எவ்வித மாற்றமும் செய்யலாகாது.' மடிப்பது வடிவ மாற்றம் ஆகுமா என்று பட்டறை முதலாளி எழுதிக் கேட்டார். ஆகும் என்று பதில் வந்தது.

டார்ஸி வெட்டிய தகட்டை எந்திரத்தின் மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தான். நோலீன் வந்து நின்றாள்.

"மடிக்காதே" என்றாள்.

"எதை?"

"எதையும்."

அவன் தலைக்கு மேல் தொங்கிய கண்ணாடிச் சட்டத்தை நிமிர்ந்து பார்த்தான். பிறகு தகட்டைத் துடைத்து, கோணியில் சுற்றி வண்டியில் ஏற்றினான். "முப்பது வருஷத்துல நீ குடுத்த வேலையிலேயே சுலபமானது இதுதான்" என்றான்.

திறப்பு விழா நடந்தது. ரிப்பன் வெட்டினார்கள், லாமிங்டன் கேக் கொடுத்தார்கள். சுவரோடு சுவராகப் பன்னிரண்டு திருகாணி போட்டு, சுற்றிலும் பசை பூசி, ஒரு காகிதம்கூடப் பின்னால் நுழையாதபடி ஏற்பானைப் பொருத்தியிருந்தார்கள். துறைமுகத்தில் ஓவியக்கூடம் வைத்திருக்கும் அம்மாள் அதன் முன் வெகுநேரம் நின்றுவிட்டு, இது கடலைப் பற்றியது என்று சொன்னாள். இரண்டு வாரத்துக்குள் காப்பிக் கடையில் 'மேல் 90' என்று எழுதிய கோப்பைகள் விற்பனைக்கு வந்தன. நோலீனும் ஒன்று வாங்கினாள். அதைச் சொல்லாமல் விட்டால் கதை நேர்மையாக இருக்காது.

முதல் மழையன்று கழுத்து நனைந்த பிறகுதான் அவளுக்கு இருபதாம் கடிதத்தின் நினைவு வந்தது. தெருவைக் கடந்து போய், ஏற்பானின் ஓரங்களையெல்லாம் கடித நுனியால் துழாவிப் பார்த்தாள். பசை நல்ல பசை. உள்ளே போய் டேமியனிடம் நீட்டினாள்.

"கையால வாங்க முடியாது நோலீன். இப்பதான் முறையான வழி வந்துடுச்சே."

"அதுல வாய் இல்லை."

"வாய் இல்லைன்னு இதுவரைக்கும் ஒரு புகார்கூட வரல" என்றார் டேமியன். அதைச் சொன்னபோது அவர் முகத்தில் ஒளிவுமறைவே இல்லை. "ஏற்பான் வச்சதுலேர்ந்து ஊர்ல புகாரே இல்லாமப் போச்சு. மாநிலத்துலேயே முதல் இடம்."

நோலீன் நாற்காலியில் உட்கார்ந்தாள். இருமினாள். அந்த இருமலைக் கேட்டு டேமியனுக்கு மனம் இளகிவிட்டது. நல்ல மனிதர்தான். அங்கே எல்லோரும் நல்லவர்கள்தான்.

"ஒண்ணு செய்யலாம். புகாரா வாங்க முடியாது. ஆனா தகவல் கேட்டா குடுக்கலாம். உங்களுக்கு என்ன தகவல் வேணும்?"

"அந்தக் கூரையை வரைஞ்சது யாருன்னு தெரியணும். பேர் வேணும்."

"அவ்வளவுதானே" என்று அவர் உள்ளே போய்ப் பழைய கோப்பைக் கொண்டுவந்தார். கூரையைப் பொருத்தியவர்கள் லான்செஸ்டன் நகர ஒப்பந்தக்காரர்கள். அவர்கள் தகடுகளைப் பல பட்டறைகளில் வாங்கியிருந்தார்கள். ஏழாவது தகட்டின் வரைபடத்தை டேமியன் மேசைமேல் விரித்தார்.

நோலீன் முதலில் எழுத்தைப் பார்க்கவில்லை. கோடுகளைத்தான் பார்த்தாள். கோடுகளின் நடை அவளுக்குத் தெரிந்த நடையாக இருந்தது. நான்கு ஓரத்திலும் 'மேல் 90'. தாளில் அழகாக அடங்க வேண்டும் என்று விரிப்பை யாரோ முகம் மாற்றிக் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். கவிழ்த்தால் கீழ் மேலாகிவிடும் என்று டார்ஸி முப்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். மூலையில் 'உள்ளபடி மடிக்கவும்'. அதன்கீழ், வரைந்தவர்: என். டக்வெல்.

வெளியே மழை கூரையில் நிரம்பும் ஓசை தெருவைத் தாண்டிக் கேட்டது.

"பேர் கிடைச்சுதா?" என்றார் டேமியன். அவர் வரைபடத்தைத் தலைகீழாகப் பார்த்துக்கொண்டிருந்தார். "பதினாறாம் கடிதத்துல ஊரறிய வெளியிடணும்னு கேட்டிருந்தீங்க. கிடைச்சதாக் கருதல, ஆனா நான் படிச்சேன். நீங்க சொல்றதுல நியாயம் இருக்கு."

"அவசரம் ஒண்ணும் இல்லை" என்றாள் நோலீன். "நான் வேணும்னா இதைத் திருத்திக் குடுத்துடறேனே. ரெண்டு நிமிஷ வேலை. ஒரு பொத்தான்."

"ஐயோ, ரொம்ப நன்றி. ஆனா திருத்தணும்னா அதுக்கு ஒரு புகார் பதிவாகியிருக்கணுமே."

பட்டறைக்குப் போனவள் ஈரக் கோட்டுச்சட்டையைக்கூடக் கழற்றாமல் டார்ஸியின் எந்திரத்தின் முன் போய் நின்றாள். ஆறு வருஷத்துக்கு முன், நான்கு ஓரமும் மேலே மடித்த பெரிய தகடு ஒன்று நினைவிருக்கிறதா என்று கேட்டாள்.

"பஸ் நிறுத்தமா?" என்றான் டார்ஸி.

"உனக்குத் தெரியுமா?"

"தகட்டைப் பார்த்தா கூரைன்னு தெரியாதா? அன்னிக்கே வந்து கேட்டேனே, 'மேலன்னா எந்தப் பக்கம்'னு. 'உள்ளபடி மடி'ன்ன. மடிச்சேன்."

"ஆறு வருஷமா நான் அதுல நனையறேன். உன்கிட்ட தினமும் வந்து அதை வரைஞ்சவனைத் திட்டறேன். ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

டார்ஸி கண்ணாடிச் சட்டத்தைச் சட்டைக் கையால் துடைத்தான். 'மடிப்பவரின் கருத்து வரைபடத்தின் பகுதி அல்ல.' அந்த வாக்கியம் நல்ல நடையில்தான் எழுதப்பட்டிருந்தது. அதை அவளே ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

"நீ திட்டறது கேக்க நல்லா இருக்கும்" என்றான். "அந்தக் காகிதத் தொப்பி விஷயம் ரொம்ப நல்லா இருந்தது. வீட்ல சொன்னேன், சிரிச்சாங்க." பிறகு அவள் இருமுவதைப் பார்த்துவிட்டு, "நாளைலேர்ந்து என் வண்டியில வர்றியா? ஏழரைக்கு வந்து நிக்கறேன்" என்றான்.

"வேண்டாம்" என்றாள் நோலீன். அவளுக்கும் ஒரு கொள்கை இருக்கத்தானே வேண்டும்.

மறுநாள் நல்ல மழை. அவள் நிறுத்தத்துக் கூரைக்குக் கீழே குடை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தாரை குடையில் விழுந்து நாலாபுறமும் தெறித்தது. கூரைக்குக் கீழே குடை பிடிக்கும் ஊர் வழக்கத்தை மற்றவர்கள் எப்போதோ கற்றுக்கொண்டிருந்தார்கள்.

ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்த பிலிப்பைன்ஸ் நர்ஸ் மாரிசெல் மட்டும் குடையில்லாமல் ஓடிவந்து, காலியாக இருந்த இடம் பார்த்து உட்கார்ந்தாள். ஒரு நொடி. பிறகு "ஐயோ!" என்று கத்திக்கொண்டு எழுந்தாள். முதுகு முழுவதும் நனைந்திருந்தது.

அவள் நிமிர்ந்து கூரையைப் பார்த்தாள். "இதை எந்தக் கழுதை வரைஞ்சது? மேல் எது கீழ் எதுன்னு தெரியாது?"

பெஞ்சில் இருந்த குடைகள் எல்லாம் ஒரு அங்குலம் தாழ்ந்தன. நோலீன் தன் குடையை நகர்த்தி அந்தப் பெண்ணுக்குப் பாதி இடம் கொடுத்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள். அவளையறியாமலே அந்தக் குரலில் ஒரு மென்மை வந்திருந்தது, டேமியனுடையது போல.

"அப்படியெல்லாம் பேசக் கூடாதும்மா. குறை இருந்தா எழுதிப் பெட்டியில போடணும்."

"எந்தப் பெட்டி?"

நோலீன் தெருவுக்கு அப்பால் கையை நீட்டினாள். ஈரச் சுவரில் ஏற்பான் நாலு கையையும் விரித்துப் பளபளத்துக்கொண்டிருந்தது.

"அதோ" என்றாள். "எப்பவும் திறந்தேதான் இருக்கும்."